நழுவிய பந்து

மனிதரின் நினைவு நேர்மையான கணக்குப்பிள்ளை அன்று. வரவை மங்கிய மையால் எழுதும். செலவைச் செம்மையால் அடிக்கோடிட்டு வைக்கும். ஒருவர் இருபது ஆண்டுகள் உழைத்துச் சேர்த்ததை ஒரே வரியில் முடித்துவிட்டு, ஒரு நொடியில் கைதவறிப் போனதைப் பக்கம் பக்கமாக எழுதும். இந்தக் கணக்குப்பிள்ளையின் கையில் அகப்பட்டவர்களுள் ஒருவர் அமெரிக்க நாட்டுப் பேஸ்பால் வீரர் பில் பக்னர்.

நான் விளையாட்டில் பெரிதும் நாட்டம் கொண்டவன் அல்லன். பேஸ்பாலின் விதிகளைக்கூட இம்மனிதரின் வரலாற்றைப் புரிந்துகொள்வதற்காகவே கற்றேன். 2019 மே 27 அன்று, தம் 69ஆம் வயதில், நினைவையும் உடல் இயக்கத்தையும் ஒருங்கே சிதைக்கும் கொடிய நோயொன்றினால் அவர் காலமானார். அப்போது வெளிவந்த இரங்கற் குறிப்புகள் சிலவற்றைப் படித்தேன். 33 ஆண்டுகளுக்கு முன் அவர் கால்களுக்கிடையே உருண்டோடிய ஒரு பந்தைப் பற்றிய பேச்சே அவற்றில் முன்னே நின்றது. மற்றவை பின்னர் வந்தன. ஒரு மனிதர் கண்மூடிய நாளிலும் அந்தப் பந்து அவரை விட்டபாடில்லை. அவர் உண்மையில் யார், எப்படி வாழ்ந்தார் என்று அறிந்துகொள்ளும் ஆவல் எனக்கு அன்றுதான் பிறந்தது.

அடிகளும் பிழைகளும்

கிரிக்கெட் அறிந்த நம் வாசகர்களுக்குப் பேஸ்பாலை விளக்குவது கடினமன்று. சாய்சதுரமாக அமைந்த திடலின் நான்கு மூலைகளில் நான்கு தளங்கள். பந்தை அடித்தவர் முதல் தளத்தை நோக்கி ஓடுகிறார். அங்கிருந்து இரண்டாவது, மூன்றாவது தளங்களைக் கடந்து, புறப்பட்ட இடத்திற்கே திரும்பினால் ஓர் ஓட்டம். தளங்களை ஒட்டி நின்று தரையில் உருண்டு வரும் பந்துகளைத் தடுப்போர் உள்திடல் காவலர்கள். அவர்களுள் முதல் தளத்தைக் காப்பவருக்குப் பொறுப்பு மிகுதி. மற்றவர்கள் தடுத்து எறியும் பந்துகளையெல்லாம் கையுறையில் ஏந்துபவர் அவரே. ஒரே ஆட்டத்தில் பத்துப் பதினைந்து முறை பந்து அவரைத் தேடி வரும். ஏந்தினால் யாரும் கைதட்டுவதில்லை. ஏந்துவதற்குத்தானே அவர் அங்கே நிற்கிறார்! நழுவவிட்டால் மட்டுமே அரங்கம் அவரைத் திரும்பிப் பார்க்கும்.

இவ்வாட்டத்தில் என்னைச் சிந்திக்கவைத்த முரண் ஒன்றுண்டு. மட்டை பிடிப்பவர் பத்து முறையில் மூன்று முறை நன்றாக அடித்து முதல் தளத்தை எட்டினாலே சிறந்த ஆட்டக்காரர் எனப் போற்றப்படுகிறார். எஞ்சிய ஏழு முறையும் அவர் தோற்றதை எவரும் பொருட்படுத்துவதில்லை. தோல்வியை இவ்வளவு தாராளமாகப் பொறுத்துக்கொள்ளும் விளையாட்டு வேறு உண்டோ என வியக்கத் தோன்றும். ஆனால் பந்தைத் தடுப்பவருக்கு அந்தச் சலுகை இல்லை. அரங்கின் பெரும்பலகையில் ஓட்டங்கள், அடிகள் என்பவற்றை அடுத்து மூன்றாவதாக ஒரு கட்டம் இருக்கும். அது பிழைகளின் கட்டம். தடுத்திருக்க வேண்டிய பந்தைத் தடுக்கவில்லை என்று ஆட்டக் கணக்கர் கருதினால், ஆயிரக்கணக்கானோர் காண அக்கட்டத்தில் ஓர் எண் கூடும். நாம் நம் பிழைகளை வீட்டுக்குள்ளும் நெஞ்சுக்குள்ளும் வைத்துக்கொள்கிறோம். அவர்களுடைய பிழைகளோ விளக்கொளியில் எழுதப்படுகின்றன.

கணுக்கால்

பக்னர் 1949 டிசம்பர் 14 அன்று கலிபோர்னியா மாநிலத்தின் வலேஹோ நகரில் பிறந்தார். 1968இல் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. அடுத்த ஆண்டு செப்டம்பரில், இருபது வயதுகூட நிறையாத இளைஞராக, முதல்நிலைத் திடலில் கால்வைத்தார். தொடக்கக் காலத்தில் அவர் எல்லைக்கோட்டின் அருகே நிற்கும் வெளித்திடல் காவலராகவும் ஆடினார், விரைந்து ஓடக்கூடியவர். 1974 ஏப்ரல் 8 அன்று அட்லாண்டாவில் ஹாங்க் ஆரன் தம் 715ஆவது ஹோம் ரன்னை அடித்து, பேப் ரூத்தின் நெடுநாளைய சாதனையை முறியடித்தார். அந்தப் பந்தைப் பிடித்துவிட முடியாதா என்று வேலியின்மேல் தாவி ஏறிய இளைஞர் பக்னரே. கைக்கு எட்டாது என்று தெரிந்த பந்துக்காகவும் தாவி ஏறிய கால்கள் அவை.

அந்தக் கால்களுக்குத்தான் கேடு வந்தது. 1975 ஏப்ரலில் இரண்டாவது தளத்தை நோக்கிச் சறுக்கி விழுந்தபோது கணுக்கால் கடுமையாகப் பிசகியது. அறுவை மருத்துவம் செய்ய நேர்ந்தது, நோய்த்தொற்றும் சேர்ந்துகொண்டது. அதன்பின் அவர் பழையபடி ஓடவே இல்லை. 1977இல் சிகாகோ கப்ஸ் அணிக்கு மாற்றப்பட்டார். ஓட்டம் குறைந்தவருக்கு ஏற்ற இடமாகிய முதல் தளத்தில் நிலைகொண்டார். ஆட்டத்திற்கு முன்னும் பின்னும் கணுக்கால்களைப் பனிக்கட்டியில் அமிழ்த்துவது அவரது அன்றாடக் கடமையாயிற்று.

வலியோடு ஆடிய அம்மனிதர் செய்தவை இவை. 1980இல் ஆயிரத்துக்கு 324 என்ற விகிதத்தில் அடித்துத் தம் லீக்கின் தலைசிறந்த மட்டைக்காரர் என்னும் பட்டத்தை வென்றார். 1981இல் நட்சத்திர வீரர்களின் அணியில் இடம்பெற்றார். 1982இலும் 1985இலும் ஆண்டுக்கு 201 அடிகள். எறியப்படும் பந்தை மட்டையால் தொடாமலே ஆட்டமிழப்பது அவரிடம் அரிது. வாழ்நாளில் 9,397 முறை கணக்கில் வந்த ஆட்டங்களில் 453 முறையே அவ்வாறு வீழ்ந்தார். ஒரே ஆட்டத்தில் மூன்று முறை அப்படி வீழ்ந்ததாக அவரது 22 ஆண்டு வாழ்க்கையில் ஒரு நாள்கூட இல்லை. ஓய்வுபெற்றபோது அவர் பெயரில் 2,715 அடிகள் இருந்தன.

மட்டையில் மட்டுமன்று, காவலிலும் அவருக்குப் பெருமை உண்டு. முதல் தளக் காவலர் பந்தைத் தடுத்துப் பிறருக்கு எறிந்து ஒருவரை ஆட்டமிழக்கச் செய்தால், அது உதவி எனக் கணக்கிடப்படும். 1984இல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணிக்கு வந்த பக்னர், 1985இல் 162 ஆட்டங்களிலும் ஆடி, 184 உதவிகள் செய்தார். முதல் தளக் காவலர் எவரும் அதுவரை எட்டாத எண்ணிக்கை அது. 2009இல் ஆல்பர்ட் புஹோல்ஸ் 185 என்னும் எண்ணை எட்டும்வரை அச்சாதனை நிலைத்தது. தாமே ஓடிச் சென்று தளத்தை மிதிக்கக் கணுக்கால் இடந்தராததால், பந்து எறிபவரிடம் அதை வீசிவிடும் வழக்கத்தை அவர் கொண்டிருந்தார் என்றும், இந்த எண்ணிக்கைக்கு அதுவும் ஒரு காரணம் என்றும் சொல்வர். ஊனத்தையே உதவியாக மாற்றிக்கொண்டவர் என்று இதனை நான் பொருள் கொள்கிறேன். ஆனால் இந்த 184ஐ நினைவில் வைத்திருப்போர் எத்தனை பேர்?

பத்தாவது இன்னிங்ஸ்

1986 அக்டோபர் வந்தது. ஏழு ஆட்டங்கள் கொண்ட உலகத் தொடரில் பாஸ்டனும் நியூயார்க் மெட்ஸும் மோதின. பாஸ்டன் கடைசியாக அக்கோப்பையை வென்றது 1918இல். தாத்தா கண்ட வெற்றியைப் பேரன் காணக் காத்திருந்த நகரம் அது. ஐந்து ஆட்டங்களின் முடிவில் பாஸ்டன் மூன்றுக்கு இரண்டு என முன்னணியில் இருந்தது. அக்டோபர் 25, சனிக்கிழமை இரவு, நியூயார்க்கின் ஷே அரங்கில் ஆறாவது ஆட்டம்.

ஒன்பது இன்னிங்ஸ் முடிவில் சமநிலை. பத்தாவதில் பாஸ்டன் இரண்டு ஓட்டங்கள் எடுத்து 5-3 என முந்தியது. பின்னர் ஆடிய நியூயார்க்கின் முதல் இருவரும் ஆட்டமிழந்தனர். தளங்களில் எவரும் இல்லை. இன்னும் ஒருவரை வீழ்த்தினால் 68 ஆண்டுக் காத்திருப்பு முடிந்துவிடும். அரங்கின் மின்பலகையில் பாஸ்டனுக்கு வாழ்த்துச் செய்தி ஒரு கணம் தோன்றி மறைந்ததாகவும் கூறுவர்.

அப்போது கேரி கார்ட்டர் அடித்தார். அடுத்துக் கெவின் மிட்செல் அடித்தார். அடுத்து ரே நைட் அடித்தார். ஓர் ஓட்டம் வந்தது. பந்து எறிபவரை மாற்றினார்கள். புதிதாக வந்த பாப் ஸ்டான்லியின் பந்து ஒன்று விலகிப் பின்னால் ஓடியது. மூன்றாவது தளத்தில் நின்ற மிட்செல் ஓடிவந்து சேர்ந்தார். 5-5. ஆட்டம் சமநிலையாகிவிட்டது என்பதை வாசகர்கள் இங்கே குறித்துக்கொள்ள வேண்டுகிறேன். பக்னரிடம் இன்னும் பந்து வரவில்லை.

மட்டை பிடித்து நின்றவர் மூக்கி வில்சன். தமக்கு எறியப்பட்ட பத்தாவது பந்தை அவர் அடித்தார். முதல் தளத்துக் கோட்டை ஒட்டி, வேகமில்லாமல், தத்தித் தத்தி வந்தது அது. 36 வயதுப் பக்னர், கணுக்காலுக்குத் தாங்கலாக உயர்ந்த கழுத்துள்ள காலணிகள் அணிந்து நின்றவர், நகர்ந்து வந்து குனிந்தார். பந்து எதிர்பார்த்த அளவு எழவில்லை. கையுறைக்குக் கீழே, இரு கால்களுக்கும் இடையே புகுந்து பின்திடலுக்கு ஓடியது. இரண்டாவது தளத்தில் நின்ற ரே நைட் ஓடிவந்து வெற்றி ஓட்டத்தை எடுத்தார். 6-5.

அக்காட்சியின் பதிவை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். முதலில் எல்லாரையும்போல நானும் பந்தையே பார்த்தேன். பின்னர் ஒவ்வொரு முறையும் வேறொருவரைப் பார்க்கத் தொடங்கினேன். வில்சன் மின்னலென ஓடிக்கொண்டிருக்கிறார். முதல் தளத்தை மிதிக்க வரவேண்டிய ஸ்டான்லி இன்னும் வந்து சேரவில்லை. பக்னர் பந்தைப் பிடித்திருந்தாலும் வில்சனை வீழ்த்தியிருக்க முடியுமா என்பது ஐயத்திற்குரியதே. இனி ஆட்டக்காரர்கள் அமரும் இடத்தைப் பார்க்கிறேன். அங்கே டேவ் ஸ்டேபிள்டன் என்னும் மாற்று வீரர் இருக்கிறார். அத்தொடரில் பாஸ்டன் வென்ற ஆட்டங்களில், இறுதிக் கட்டத்தில் பக்னரை அமரவைத்து அவரையே முதல் தளத்தில் நிறுத்துவது மேலாளர் ஜான் மெக்நமாராவின் வழக்கமாக இருந்தது. அன்று மட்டும் அவ்வாறு செய்யவில்லை. இத்தனை பேர் பங்கிட்டுக்கொள்ள வேண்டிய ஒரு தோல்வி, ஒரு மனிதரின் தோளில் மட்டும் ஏறி அமர்ந்தது.

அது தொடரின் கடைசி ஆட்டமும் அன்று. இரண்டு நாள் கழித்து நடந்த ஏழாவது ஆட்டத்தில் பாஸ்டன் 3-0 என முந்தியிருந்து, பின்னர் 8-5 எனத் தோற்றது. அந்த ஆட்டத்தின் எட்டாவது இன்னிங்ஸில் பக்னர் அடித்து, ஓர் ஓட்டமும் எடுத்தார். அது யார் நினைவிலும் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த இரவுக்கு மூன்று வாரங்களுக்குள், தொலைக்காட்சிப் பேட்டி ஒன்றில் பக்னர் தம் கனவுகளைப் பற்றிப் பேசியிருந்தார். பெரும் தொடரில் சிறப்பாக ஆடி வெல்வதே நல்ல கனவு என்றும், கால்களுக்கிடையே பந்தை விட்டு எதிரணிக்கு வெற்றி ஓட்டத்தைக் கொடுப்பதே கெட்ட கனவு என்றும் சிரித்தபடி கூறினார். நடந்ததை முன்னறிந்தார் என்று இதற்குப் பொருளில்லை. உள்திடலில் நிற்கும் ஒவ்வொருவரும் அந்த அச்சத்தைச் சுமந்தே நிற்கின்றனர் என்பதுதான் பொருள்.

விலை

அதன்பின் நடந்தவை துயரமானவை. தெருவிலும் அரங்கிலும் ஏளனம். கொலை மிரட்டல்கள்கூட வந்தன. 1987 ஜூலையில் பாஸ்டன் அவரை விடுவித்தது. வேறு இரு அணிகளில் ஆடிவிட்டு, 1990இல் மீண்டும் பாஸ்டனுக்கு வந்தார். தொடக்க நாளில் மக்கள் எழுந்து நின்று கைதட்டினர் என்பதையும் நேர்மையோடு பதிவுசெய்ய வேண்டும். அந்த ஏப்ரலில், வாழ்நாளின் கடைசி ஹோம் ரன்னை அவர் அடித்தார். பந்து அரங்குக்கு வெளியே போகவில்லை. எதிரணி எடுத்து எறிவதற்குள் நான்கு தளங்களையும் ஓடியே கடந்தார். 40 வயதில், அந்தக் கணுக்கால்களோடு! ஜூனில் அவரது ஆட்ட வாழ்வு முடிந்தது.

ஆயினும் ஏளனம் ஓயவில்லை. 1993இல் குடும்பத்தோடு அவர் தொலைவிலுள்ள ஐடஹோ மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தார். வீட்டுமனைத் தொழில் செய்தார்.

அந்தப் பந்தோ செல்வாக்கோடு வாழ்ந்தது. 1992இல் ஒரு திரைப்பட நடிகர் 93,500 டாலர் கொடுத்து அதை ஏலத்தில் வாங்கினார். 2012இல் அது 4,18,250 டாலருக்கு விற்கப்பட்டது. அவர் பிடித்த ஆயிரமாயிரம் பந்துகளுக்கு இல்லாத விலை, நழுவிய ஒரு பந்துக்கு வந்தது. நம் நினைவு எதை விலைகொடுத்து வாங்கி வைத்துக்கொள்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

இது வெறும் விளையாட்டுச் செய்தி என்று எண்ணுவோருக்கு மற்றொரு பெயரை நினைவூட்ட விரும்புகிறேன். அதே 1986 அக்டோபரில், உலகத் தொடருக்கு முந்தைய சுற்றில், கலிபோர்னியா ஏஞ்சல்ஸ் அணியின் டானி மூர் எறிந்த ஒரு பந்தைப் பாஸ்டன் வீரர் ஹோம் ரன்னாக அடித்தார். வெற்றியின் விளிம்பில் நின்ற அணி வீழ்ந்தது. மூரும் ஏச்சுக்கு ஆளானார். 1989 ஜூலையில் தம் மனைவியைச் சுட்டுப் படுகாயப்படுத்திவிட்டு, அவர் தம்மையே சுட்டு மாய்த்துக்கொண்டார். அக்கொடுமைக்கு அந்த ஒரு பந்தே காரணம் என்பது நேர்மையாகாது. அவர் வாழ்வில் வேறு துன்பங்களும் இருந்தன. ஆனால் ஏற்கெனவே நொந்திருக்கும் ஒருவர் தலையில் ஊரார் ஏற்றும் சுமை எவ்வளவு கனமானது என்பதைச் சிரிப்பவர்கள் அறிவதில்லை.

யார் யாரை மன்னிப்பது?

2004இல் பாஸ்டன் ஒருவழியாக உலகக் கோப்பையை வென்றது. 86 ஆண்டுக் காத்திருப்பு முடிந்தது. மகிழ்ச்சியில் மிதந்த மக்களுள் சிலர், பக்னரை மன்னித்துவிட்டோம் என்று பதாகை பிடித்தனர். அவர்கள் நல்லெண்ணத்தோடுதான் செய்தனர். ஆனால் பக்னர் மகிழவில்லை. எதிலிருந்து எனக்கு விடுதலை, நான் செய்த குற்றம்தான் என்ன என்ற பொருள்பட அவர் வினவினார்.

இந்தக் கேள்வி என்னை உலுக்கியது. தமிழில் தவறு என்பது ஒன்று. குற்றம் என்பது வேறொன்று. கை தவறும், கால் தவறும், நா தவறும். அது உடலுக்கு இயல்பு. குற்றத்துக்கோ மனம் உடந்தையாக வேண்டும். யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லி வைத்த நம் முன்னோர் சறுக்கிய யானையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. வலியோடு நின்று, தம்மால் இயன்றதைச் செய்து, இயலாமற்போன ஒருவரை மன்னிக்க நமக்கு உரிமை ஏது? மன்னிக்கிறேன் என்று சொல்லும்போதே அவரைக் குற்றவாளியாக்கி விடுகிறோம். நாம் உயரத்தில் நின்று இரக்கம் வழங்குவதாக எண்ணிக்கொள்கிறோம். சில மன்னிப்புகளில் ஏளனத்தைவிட நுண்ணிய செருக்கு ஒளிந்திருக்கிறது.

2008 ஏப்ரல் 8 அன்று, சொந்தத் திடலில் தன் அவ்வாண்டின் முதல் ஆட்டத்திற்கு பாஸ்டன் அவரை அழைத்தது. ஆரனின் பந்துக்காக அவர் வேலியில் ஏறி 34 ஆண்டுகள் நிறைந்த அதே நாள். இரண்டாண்டுகளுக்கு முன், 1986 அணியினரின் ஒன்றுகூடலுக்கு அழைத்தபோது வர மறுத்தவர் இம்முறை வந்தார். திடலின் கோடியிலிருந்து மெல்ல நடந்துவந்து, பழைய தோழர் டுவைட் எவன்ஸுக்கு முதல் பந்தை எறிந்தார். மக்கள் எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டினர். அவர் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

பின்னர் செய்தியாளர்களிடம் அவர் கூறியதன் சாரம் இது: தாம் மன்னிக்க வேண்டியிருந்தது; பாஸ்டன் மக்களையன்று, தம்மையும் தம் குடும்பத்தையும் இத்தனை ஆண்டுகள் அலைக்கழித்த செய்தி ஊடகங்களை. அதைத் தம் உள்ளத்தில் செய்து முடித்த பிறகே இங்கே வர இயன்றது.

அரங்கில் திரண்டிருந்தோரும் தொலைவிலிருந்து பார்த்தோரும் தாங்கள் மன்னிப்பு வழங்கும் நாள் அது என எண்ணியிருக்கக்கூடும். உண்மையில் அன்று மன்னிப்பை வழங்கியவர் பக்னர், பெற்றுக்கொண்டவர்கள் மற்றவர்கள். தம் தவறை உலகம் மறக்கும்வரை அவர் காத்திருக்கவில்லை. உலகம் மறக்காது என்பது அவருக்குத் தெரியும். உலகத்தின் கணக்குப் புத்தகத்தைத் திருத்த முடியாதவர், தம் நெஞ்சின் கணக்கைத் தீர்த்துக்கொண்டார்.

அதன்பின் அவர் வாழ்ந்த ஆண்டுகளில் ஒருவகை இலேசான நடை தென்படுகிறது. 2011இல் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர் ஒன்றில் அவராகவே நடித்தார். எரியும் கட்டடத்திலிருந்து வீசப்படும் குழந்தையைப் பாய்ந்து ஏந்துவதாகக் காட்சி. தம்மைப் பற்றிய கேலியைத் தாமே வாங்கி, அதைக் கொண்டே பிறரைச் சிரிக்கவைத்தார். பின்னர் ஐடஹோவில் பாய்சி நகரத்தின் சிற்றணியில், புகழ் பெறாத இளைஞர்களுக்கு மட்டை பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்.

எல்லாவற்றிலும் மேலாக என் மனத்தில் நிற்பது வேறொன்று. அந்தப் பந்தை அடித்த மூக்கி வில்சனும் பக்னரும் நண்பர்களானார்கள். ரசிகர்கள் கூடும் இடங்களில் இருவரும் அருகருகே அமர்ந்து, அந்த இரவின் புகைப்படங்களில் ஆண்டுக்கணக்காகக் கையெழுத்திட்டு வந்தார்கள். ஒருவருக்கு வாழ்வின் உச்சமும் மற்றவருக்கு வாழ்வின் பள்ளமும் பதிவான ஒரே படம் அது. அதன் கீழே இரண்டு பெயர்களும் ஒரே மையில் எழுதப்பட்டிருக்கும். அவற்றுள் எது வென்றவர் பெயர், எது தோற்றவர் பெயர் என்பதை அந்தக் கையெழுத்துகளைப் பார்த்து எவராலும் சொல்ல இயலாது.